75 லிட்டர் உப்புநீர்த் தொட்டியும் அதனுடன் வந்த ஆறு மீன்களும்

கடந்த பொங்கல் வாரத்தில், தெருவுக்குத் தெரு வண்ணமீன் கடைகள் இருக்கும் சென்னை கொளத்தூரில், ஒரு கடையிலிருந்து வீட்டுக்கேற்ற சிறிய உப்புநீர்த் தொட்டி ஒன்றை முழுத் தொகுப்பாக வாங்கினேன். கண்ணாடித் தொட்டி, பின்புற பில்டர் அறை, பம்பு, நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் சிறிய ஸ்கிம்மர், எல்.இ.டி. விளக்கு, மணல், செயற்கைப் பாறை, கடலுப்பு, உப்பளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டர், ஆறு மீன்கள் என எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் கொடுத்தேன். ஒன்பது மாதங்கள் பராமரித்த பிறகு இதை எழுதுகிறேன். தொட்டியைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. அதனுடன் கொடுத்த மீன்களின் எண்ணிக்கையும் தேர்வும் முற்றிலும் தவறானவை. அந்தத் தவறுக்கு மூன்று உயிர்கள் பலியாயின. ஆகவே இந்த மதிப்புரையில் கண்ணாடியையும் பம்பையும் பற்றிச் சுருக்கமாகவும், மீன்களைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

தொட்டி 60 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம். பெருக்கிப் பார்த்தால் 73 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். கடையில் 75 லிட்டர் என்று சொல்கிறார்கள். நான் பத்து லிட்டர் வாளியால் அளந்து ஊற்றியபோது, மணலும் பாறையும் போட்ட பின் 58 லிட்டர்தான் கொண்டது. அதிலும் பின்புற பில்டர் அறைக்கு 8 செ.மீ. போய்விடுவதால், மீன்கள் நீந்துவதற்கு எஞ்சுவது சுமார் 45 லிட்டர். வாங்குபவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் இதுவே.

கண்ணாடியின் ஒட்டு வேலை நேர்த்தியாக உள்ளது. இதுவரை ஒரு சொட்டுக் கசிவில்லை. பம்பு ஓசையின்றி ஓடுகிறது. ஸ்கிம்மர் முதல் பத்து நாள் இரைச்சலிட்டு, பிறகு அடங்கியது. ஹைட்ரோமீட்டரை நம்ப வேண்டாம். அதன் முள்ளில் ஒரு சிறு காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டாலே அளவு உயர்ந்து காட்டும். அது உப்படர்த்தி 1.025 என்று காட்டிய அதே நீரை, நண்பரிடமிருந்து வாங்கி வந்த, ஒளிவிலகலைக் கொண்டு உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தபோது 1.022 இருந்தது. உப்புநீர் வளர்ப்பில் இறங்குபவர் முதல் நாளே ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது.

ஒரு விஷயத்தில் இந்தக் கடையை மனமாரப் பாராட்ட வேண்டும். பவளப்பாறைத் துண்டு எதையும் அவர்கள் விற்கவில்லை. கடலிலிருந்து எடுத்த பவளம் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் பாதுகாக்கப்பட்டது. காய்ந்த எலும்புக்கூடாக இருந்தாலும் அதை விற்பதும் வாங்குவதும் குற்றம். அழகுக்காக வெள்ளைப் பவளத்தைக் கேட்டு வருபவர்களிடம் அதை விளக்கிச் சொல்லி அனுப்புவதை நானே நின்று கேட்டேன். தொகுப்பில் தரும் செயற்கைப் பாறை நுண்துளைகள் நிறைந்ததாக, பாக்டீரியா குடியேறுவதற்கு ஏற்றதாக இருக்கிறது.

இனி மீன்கள். இரண்டு கோமாளி மீன்கள், டாம்செல் எனும் சிறு கடல்மீன் வகையில் இரண்டு நீல டாம்செல்கள், ஒரு டோமினோ டாம்செல், பிற மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் கிளீனர் ராஸ் ஒன்று. எல்லாமே விரல் நீளத்துக்கும் குறைவான குஞ்சுகள். ஆறு மீன் இந்தத் தொட்டிக்கு அதிகமில்லையா என்று கேட்டேன். “சார், மெரைன்ல கொஞ்சமா விட்டாதான் சண்டை. நாலஞ்சு சேர்த்து விட்டீங்கன்னா ஒண்ணை ஒண்ணு குறிவைக்காது, அடி பிரிஞ்சு போயிடும்” என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. தம் அனுபவத்தில் கண்டதைத்தான் சொன்னார். அந்தக் கடையின் பெரிய வியாபாரம் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் எனும் நன்னீர் மீன்கள். முந்நூறு லிட்டர் தொட்டியில் நாற்பது சிக்லிட்களை நெருக்கமாக விட்டு, வலுவான பில்டர் வைத்தால், எந்த ஒரு மீனாலும் தனக்கென ஓர் எல்லையைக் காத்துக்கொள்ள முடியாமல் சண்டை சிதறிப் போகும் என்பது உண்மை. ஆனால் அந்த முறை நன்னீருக்கும் பெரிய கொள்ளளவுக்கும் உரியது. அதே கணக்கை 58 லிட்டர் உப்புநீருக்குக் கொண்டுவந்ததில்தான் எல்லாக் கோளாறும் தொடங்கியது.

தொட்டியை நிறுவிய மூன்றாம் நாளே மீன்களை விட்டார்கள். பாட்டிலில் வரும் பாக்டீரியாவை ஊற்றிவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை என்றார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் நிலைபெற வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். பாட்டில் பாக்டீரியா அந்தக் காலத்தைக் குறைக்க உதவலாம். ஒரே நாளில் ஆறு மீன்களின் கழிவைத் தாங்கும் அளவுக்கு அது பெருகிவிடாது. இரண்டாம் வாரத்தில் என் டெஸ்ட் கிட் அம்மோனியா 0.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) என்று காட்டியது. கடல்நீரின் pH (கார அமில அளவு) 8.1இலிருந்து 8.4 வரை இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீர்த் தொட்டியில் செய்வதைவிட இங்கே கூடுதல் தீங்கு செய்யும். ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து லிட்டர் நீரை மாற்றி எப்படியோ சமாளித்தேன். டெஸ்ட் கிட் தொகுப்பில் இல்லை. தனியாகத்தான் வாங்க வேண்டும்.

முதல் மூன்று வாரங்கள் கடைக்காரர் சொன்னதே சரி என்று தோன்றியது. ஆறு மீன்களும் ஒன்றாக மேலே வந்து தீவனம் தின்றன. எதுவும் எதையும் துரத்தவில்லை. அந்த அமைதியின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. புது இடத்தில் அச்சத்தோடு இருக்கும் குஞ்சுகள் எல்லை பிடிக்கத் தொடங்குவதில்லை. பசியும் பயமும் தெளிந்து, இது தன் இடம் என்று ஒரு மீன் முடிவு செய்யும் நாளில்தான் தொட்டியின் உண்மை நிலை தெரியும்.

நான்காம் வாரத்தில் டோமினோ அந்த முடிவுக்கு வந்தது. டோமினோ என்பது கறுப்புடலில் நெற்றியில் ஒன்றும் விலாவுக்கு ஒன்றுமாக மூன்று வெள்ளைப் பொட்டுகள் கொண்ட குஞ்சு. பார்க்க அத்தனை அழகு. ஆனால் அது 14 செ.மீ. வரை வளரும் மீன். குஞ்சாக இருக்கும்போது கடல் சாமந்தி எனும் பூப்போன்ற கடல் உயிரினங்களை ஒட்டிக் கூட்டமாக வாழ்ந்து, வளர வளர அவற்றை விட்டுப் பாறைகளுக்கு நகர்வது அதன் இயல்பு. கடலில் ஒரு மீன் துரத்தினால், துரத்தப்படும் மீன் இரண்டு மீட்டர் விலகிப் போனால் விவகாரம் முடிந்துவிடும். என் தொட்டியின் முழு நீளமே 60 செ.மீ. விலகிப் போனாலும் துரத்துபவனின் பார்வையிலேயே இருக்க வேண்டும். ஆகவே துரத்தல் முடிவதேயில்லை.

அது நடந்த விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். நிறுவ வந்த பையன் பாறைகளைப் பின்சுவரை ஒட்டி ஒரே குவியலாக அடுக்கியிருந்தான். அதில் பெரிய பொந்து ஒன்றுதான் இருந்தது. டோமினோ அந்தப் பொந்தின் வாயில் நின்றுகொண்டு, துடுப்புகளை விரைப்பாக விரித்து, எந்த மீன் இடப்பக்கம் வந்தாலும் அம்பு போலப் பாய்ந்தது. இரவில் அறை அமைதியாக இருக்கும்போது கண்ணாடியில் காதை வைத்தால் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. முதலில் பம்பில் கோளாறு என்று நினைத்து அதை நிறுத்திப் பார்த்தேன், சத்தம் நிற்கவில்லை. பாயும்போது டோமினோதான் அப்படி ஒலியெழுப்புகிறது என்று பிறகு படித்தறிந்தேன்.

நீல டாம்செல்கள் இரண்டும் தங்களுக்குள்ளேயும் பகை கொண்டிருந்தன. இந்த இனத்தில் முதுகுத் துடுப்பின் பின்னடியில் சிறு கறுப்புப் புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் பெண். என் மீன்கள் வளர்ந்த பிறகும் இரண்டிலும் அந்தப் புள்ளி தென்படவில்லை. இரண்டும் ஆணாகத்தான் இருந்திருக்க வேண்டும். சற்றுப் பெரியது வலப்பக்க மணலை எடுத்துக்கொண்டது. சிறியதற்கு இடப்பக்கம் டோமினோ, வலப்பக்கம் தன் இனத்தான். அது நீரின் மேற்பரப்பில், பில்டர் அறைக்கு நீர் வழியும் சீப்புப் பல் போன்ற தடுப்பின் ஓரத்தில், தலையைச் சாய்த்து நாள்முழுதும் நின்றது. வால் துடுப்பு கந்தலாகிவிட்டது. ஒரு காலையில் அதைக் காணவில்லை. இறந்திருக்கும் என்று பாறைகளைப் பெயர்த்துத் தேடினேன். தடுப்பைத் தாண்டிக் குதித்து, 8 செ.மீ. அகலமே உள்ள பில்டர் அறைக்குள், பஞ்சுக்கும் பம்புக்கும் நடுவே அது நின்றுகொண்டிருந்தது. அந்த அறையில் இரண்டு நாள் இருந்தது. நான் இட்ட தீவனத்தை அந்த இரண்டு நாளில்தான் வயிறாரத் தின்றது. அதைப் பார்த்தபோது மனம் மிகவும் வருந்தியது. இத்தனை செலவில் நான் கட்டிய இடத்தைவிட அந்தக் குறுகிய பில்டர் அறையே அதற்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் அதைத் திரும்பத் தொட்டியில் விட்டது என் தவறு. அன்று மாலையே இறந்துவிட்டது.

அந்த உடலை நான் கண்டெடுப்பதற்குள் சில மணி நேரம் கடந்துவிட்டது; அம்மோனியா மீண்டும் ஏறியது. சிறு தொட்டியில் நெரிசலும் சண்டையும் இப்படித்தான் ஒன்றையொன்று வளர்க்கின்றன. காயமுற்ற மீன் தின்பதில்லை, தின்னாத தீவனம் மணலில் அழுகுகிறது, நீர் கெடுகிறது, கெட்ட நீரில் மற்ற மீன்களும் தளர்கின்றன, தளர்ந்த மீனை வலிய மீன் அடுத்த இலக்காக்கிக்கொள்கிறது. இதில் பிராணவாயுவின் கணக்கையும் சேர்க்க வேண்டும். ஒரே வெப்பநிலையில் கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். நீர் சூடேறச் சூடேற அதுவும் குறையும். துரத்துகிற மீனுக்கும் துரத்தப்படுகிற மீனுக்கும் மூச்சு கூடுதலாகத் தேவை. சிக்லிட் தொட்டியின் நெரிசலை இங்கே அப்படியே பின்பற்ற முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளீனர் ராஸ் சண்டையில் சாகவில்லை, பட்டினியில் செத்தது. அந்த மீன் கடலில் ஓரிடத்தில் நின்று, வரும் பெரிய மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளையும் வழவழப்பையும் தின்று வாழ்வது. என் தொட்டியில் அதற்கு அப்படிப்பட்ட ‘வாடிக்கையாளர்’ யாருமில்லை. அது கோமாளி மீன்களின் பின்னாலேயே போய் உரசிக்கொண்டிருந்தது; அவை எரிச்சலுற்று விரட்டின. உருண்டைத் தீவனத்தை வாயில் எடுத்துத் துப்பியது. வயிறு உள்ளொடுங்கி, ஆறாம் வாரத்தில் இறந்தது. இந்த மீனை எந்தச் சிறு தொட்டிக்கும், குறிப்பாகப் புதியவர்களுக்கு, எந்தக் கடையும் கொடுக்கவே கூடாது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

அதன் பிறகே டோமினோவை வெளியேற்ற முடிவு செய்தேன். வலையால் பிடிக்க முயன்றதில் பாறையெல்லாம் சரிந்து, மற்ற மீன்கள் கலங்கியதுதான் மிச்சம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதைத் தலைகீழாக உள்ளே திருப்பிச் செருகி, உள்ளே நான்கு தீவன உருண்டைகளைப் போட்டுத் தொட்டியின் இடப்பக்கம் படுக்க வைத்தேன். தன் எல்லைக்குள் வந்த புதுப் பொருளைச் சோதிக்க டோமினோவே முதலில் உள்ளே நுழைந்தது; இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. இத்தகைய தொட்டி வைத்திருப்பவர்கள் வலையை எடுப்பதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

கடைக்காரர் டோமினோவைத் தயங்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னபோது முழுவதும் கேட்டார். “சார், டாம்செல்னா அப்படித்தான் இருக்கும், முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்றார். அந்த ஒப்புதலை நான் மதிக்கிறேன். ஆனால் முன்பே சொல்வது மட்டும் போதாது. தொகுப்பில் அந்த மீனே இருக்கக் கூடாது. டாம்செல்கள் விலை மலிந்தவை, உடல் உறுதி மிக்கவை, பழகாத தொட்டியிலும் பிழைப்பவை. அதனால்தான் ‘இலவச மீன்’ என்று அவற்றைச் சேர்க்கிறார்கள். பாக்டீரியா நிலைபெறும்படி தொட்டியைப் பழக்க இவற்றை விடும் வழக்கம் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. மீனில்லாமலே அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக ஊற்றியோ, சிறிது தீவனத்தை அழுகவிட்டோ தொட்டியைப் பழக்க முடியும்போது, ஓர் உயிரை அந்த வேலைக்குப் பயன்படுத்தத் தேவையில்லை.

மீதமிருந்த நீல டாம்செல், டோமினோ போன மறுநாளே தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டு கோமாளி மீன்களை விரட்டத் தொடங்கியது. பாறைகளைப் பின்சுவரிலிருந்து பெயர்த்து, நடுவில் இடைவெளி விட்டு, ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபக்கம் தெரியாதபடி இரண்டு குவியலாக அடுக்கினேன். எல்லைகள் குலைந்ததால் பத்து நாள் அமைதி கிடைத்தது. பிறகு பழைய கதைதான். தொட்டிக்கு இரண்டு எல்லைகளுக்கு மேல் இடமில்லை. அந்த மீனுக்கு ஒன்று போதவில்லை. அதையும் பாட்டிலில் பிடித்துக் கடைக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். அங்கே ஒரு வாரத்துக்குள் இறந்துவிட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

இப்போது இருப்பவை கோமாளி மீன்கள் இரண்டு மட்டும். அவற்றுக்குள்ளும் சிறு சண்டை நடந்தது. ஆனால் அது வேறு வகை. கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாக இருந்து, இணையில் பெரியது பெண்ணாக மாறும். பெரியது துரத்தும்போது சிறியது ஒருக்களித்துப் படுத்து உடலை நடுக்கிக் காட்டிப் பணிந்துவிடும்; அதோடு பகை அடங்கும். மூன்று மாதத்தில் இரண்டும் இணையாகி, இடப்பக்கப் பாறையின் அடியில் ஒன்றாகப் படுக்கின்றன. மூன்றாவதாக ஒரு கோமாளி மீனைச் சேர்த்தால் இந்த இணை அதை விட்டுவைக்காது என்பதால், எத்தனை பேர் கேட்டாலும் நான் சேர்ப்பதாக இல்லை. கோமாளி மீன்களைக் கடலிலிருந்து பிடிக்காமல் வளர்த்தெடுக்கும் தொழில்நுட்பம் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்திலும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் உருவாக்கப்பட்டுள்ளது. கேட்டு வாங்கினால் வளர்ப்பு மீனே கிடைக்கும். உருண்டைத் தீவனத்துக்குப் பழகியிருப்பதால் பராமரிப்பும் எளிது.

சித்திரை வெயிலில் இந்தத் தொட்டி எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொகுப்பில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கிடையாது. ஏப்ரலில் நீர் 31 டிகிரியைத் தொட்டது. மேலே ஒரு சிறு மின்விசிறி வைத்ததில் இரண்டு டிகிரி இறங்கியது. ஆனால் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியானது. நீர் மட்டும் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். நான்கு நாள் ஊருக்குப் போய் வந்தால் 1.025 என்பது 1.027 ஆகிவிடும் என்பதால், அன்றாடம் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வீட்டில் ஓர் ஆள் வேண்டும். ஓர் இரவு நான்கு மணி நேரம் மின்சாரம் போனது; பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு கைவசம் இருந்தது; இரண்டு மீன்களும் வழக்கம்போல இருந்தன.

தொட்டிக்கும் கருவிகளுக்கும் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். ஹைட்ரோமீட்டருக்காக ஒன்றைக் குறைத்தேன். மீன் தேர்வுக்கு என்னால் ஒன்றுகூடத் தர முடியவில்லை. போன மாதம் என் தங்கை கணவர் இதே தொகுப்பை வாங்கினார். மீன்கள் வேண்டாம், அவற்றுக்குப் பதிலாக டெஸ்ட் கிட் கொடுங்கள் என்று கேட்டோம்; கடைக்காரர் உடனே சம்மதித்தார். தங்கை கணவரின் தொட்டி இன்று ஐந்தாம் வாரத்தில் இருக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்துவிட்டன. தொட்டியில் இன்னும் ஒரு மீனும் இல்லை. அடுத்த ஞாயிறு இரண்டு கோமாளி மீன்கள் வாங்கப் போகிறோம்.